ஜொகூர் ரயிலடிக் கஞ்சிக் கொட்டகை

1

போன வெள்ளிக்கிழமை எங்கள் ரயிலடிக்கு எதிரே ஒரு சோடாக் கடை திறந்தார்கள். வாழைமரம் கட்டியிருந்தார்கள். மேளக்காரர் கிடைக்கவில்லை என்று கிராமபோன் பெட்டியைக் கொண்டுவந்து பாட விட்டார்கள். ஜொகூர் பாருவில் இருக்கிற தமிழ்க் குடும்பம் அத்தனைக்கும் அழைப்பு. எங்கள் சங்கத்தின் தலைவர்தான் நாடாவை வெட்டினார். அவர் எங்கள் வீட்டுக்கு எதிரே பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர்.

வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கலர் கொடுத்தார்கள். என் கையிலும் ஒரு சிவப்புக் கலரைத் திணித்தார்கள். நான் குடிக்காமல் வைத்திருந்ததைத் தலைவர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, வயித்துக்கு ஆகலையா?"

"ஆமாங்க. இந்த எடத்துல எதைக் குடிச்சாலும் எனக்கு ஆகாது."

அவர் சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் போய்விட்டார். புட்டியை அங்கேயே பெஞ்சில் வைத்துவிட்டு நானும் வந்துவிட்டேன். வீட்டில் இவர் பிடித்துக்கொண்டார். "நாலு பேர் இருக்கிற எடத்துல அப்படித்தான் பேசுவியா?" என்றார். அப்படித்தான் பேசுவேன் என்றேன்.

அந்தச் சோடாக் கடை இருக்கிற இடத்தில் போன வருஷம் வரைக்கும் ஒரு கஞ்சிக் கொட்டகை இருந்தது. அது அங்கிருந்து போன கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இதைப் படிக்கிறவர்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

எனக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். கல்யாணமான மறுவருஷம் கப்பலேறி வந்தவள். இவர் ரயிலடியில் சரக்குக் குமாஸ்தா. ரயில்வே கொடுத்த வீடு. சன்னலைத் திறந்தால் தண்டவாளம், அதற்கப்பால் கடல், பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். விடியற்காலை வண்டிக்கு வீடே குலுங்கும். முதல் வருஷம் குலுங்கும்போதெல்லாம் எழுந்து உட்காருவேன். இப்போது வண்டி தாமதமானால்தான் விழிப்பு வருகிறது.

ஒரே மகள் கமலம். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளுக்கு இங்கிலீஷும் மலாயும் தண்ணீர்பட்ட பாடு. தமிழ் மட்டும் என்னிடம் சண்டை போடுவதற்குத்தான். "அம்மா, எனக்கு பசார் போணும், அங்க ரொம்ப பனாஸ்லா" என்பாள். பசார் என்றால் கடைத்தெரு, பனாஸ் என்றால் வெயில் சூடு. நான் திருத்துவேன். அவள் சரி என்பாள். மறுநாளும் பனாஸ்தான்.

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் எல்லாரும் ஒன்றையே எழுதுகிறார்கள். மலாயாவில் உனக்கென்ன, சோற்றுக்கா பஞ்சம் என்று. ரப்பர் விலை விழுந்த பிறகும் அப்படித்தான் எழுதினார்கள். விலை விழுந்ததும் இங்கே என்ன நடந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? துரைமார் ரப்பர்ப் பால் வெட்டை நிறுத்தினார்கள். கூலிகள் குடியிருந்த லயங்களைப் பூட்டினார்கள். குளுவாங், பாலோ, கூலாய் என்று வடக்கே இருக்கிற தோட்டங்களிலிருந்து நம் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு தண்டவாளத்தைப் பிடித்தபடி நடந்து வந்தார்கள். ஜொகூரில் கடல் வந்துவிடுகிறது. கடலைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். கடைகளுக்கு முன்னால் மழைக்கு ஒதுங்க விட்டிருக்கும் நடைபாதையை இங்கே அஞ்சடி என்பார்கள். அந்த அஞ்சடி முழுக்க நம் ஆட்கள்தான். தோட்டத்தில் வேலை செய்தபோது அவர்களை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வேலை போன பிறகு எல்லாருடைய கண்ணிலும் பட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் சங்கத்தார் சேர்ந்து ரயிலடிக்கு எதிரே காலி மனையில் ஓலைக் கொட்டகை போட்டார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், போட்டதும் இதே தலைவர்தான். கடைக்காரர்கள் அரிசி கொடுத்தார்கள். ரயில்வே வீட்டுப் பெண்கள் முறை வைத்துக் காய்ச்சினோம். புழுங்கலரிசியும் பச்சைப் பயறும் சேர்த்துக் குழைய விட்டு, உப்புப் போட்டு, ஆளுக்கொரு துண்டு கருவாடு. எங்கள் ஊரில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றினால் மிராசுதார் வீட்டிலிருந்தும் சொம்பு வரும், சேரியிலிருந்தும் சட்டி வரும். யாருக்கும் வெட்கமிருக்காது. இங்கே வரிசையில் நின்றவர்கள் முகத்தைக் குனிந்துகொண்டே வாங்கினார்கள். எனக்கு அது பழகவே இல்லை.

3

அஞ்சலை என்று ஒரு பெண். அவள் வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை. ரயிலடி வாசலில் ஒரு மழைமரம் இருக்கிறது. அதன் அடியில் உட்கார்ந்திருப்பாள். வரிசை கலைந்த பிறகு கடைசி ஆளாக ஓடிவந்து குவளையை நீட்டுவாள். வாங்கிக்கொண்டு திரும்ப மரத்தடிக்கு ஓடுவாள். வண்டி வரும் நேரமாக இருந்தால் கஞ்சி இருந்தாலும் வரமாட்டாள்.

ஒருநாள் நானே குவளையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஏன் பொண்ணு, வரிசையில நின்னா குறைஞ்சா போயிருவே?" என்று கேட்டேன்.

"குறைச்சலுக்கு இல்லம்மா. நான் அந்தாண்ட திரும்பியிருக்கிற நேரத்துல அவரு வந்துட்டா?"

அவள் புருஷன் கோவிந்தன். இரண்டு பேரும் பாலோப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டினவர்கள். லயத்தைப் பூட்டிய பிறகு நடந்தே வந்தார்கள். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, அவன் பாலம் தாண்டிப் போனான். போகும்போது பெண்டாட்டியிடம் சொன்னது இதுதான்: "இந்த மரத்தடியிலேயே இரு. எங்கயும் போயிராத. நான் வந்தா இங்கதான் தேடுவேன்."

இவர் மூலமாகச் சிங்கப்பூர் ரயிலடியில் விசாரிக்கச் சொன்னேன். கோவிந்தன் என்று கூப்பிட்டால் துறைமுகத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பதில் வந்தது. அவளிடம் சொன்னேன். அவள் கவலைப்படவில்லை.

"அவரு வந்துருவாரும்மா. சொன்ன எடத்துல நான் இருந்தாப் போதும்."

பைத்தியக்காரி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால் அவள் சொன்னதில் என்ன தப்பு? எழுதத் தெரியாது, விலாசம் கிடையாது. இவ்வளவு பெரிய தேசத்தில் அந்த இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த மரத்தடி ஒன்றுதான். அதையும் விட்டால் அவன் எங்கே வந்து தேடுவான்? அந்த மரத்தடியில் அவளை உயிரோடு வைத்திருந்தது எதிரே இருந்த கஞ்சி.

4

கொட்டகையை மாற்ற வேண்டும் என்ற பேச்சு மழைக்காலத்தில் கிளம்பியது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பெண்கள் பின்பெஞ்சில்.

தலைவர் எழுந்தார். அவர் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். வியாபாரி. "நான் போட்ட கொட்டகைதான். நானே சொல்றேன். கடைக்கு வர்ற பொம்பளைங்க அஞ்சடியில படுத்திருக்கிறவங்களத் தாண்டித்தான் வரவேண்டியிருக்கு. துரைமார் வண்டியில இறங்கினதும் மொதல்ல பாக்குறது நம்ம பிச்சைக்காரங்களத்தான். மலாய்க்காரன், சீனன் எல்லாரும் இதான் தமிழன்னு நெனைக்க மாட்டானா? ஆறாங்கல்லுல டோபிக்காரங்க துணி வெளுக்கிற எடத்துக்குப் பக்கத்துல மேடு சும்மாதான் கெடக்கு. அங்க வெச்சிக்கலாம். கஞ்சி கஞ்சிதானே, எங்க குடிச்சா என்ன?"

பாதிப் பேர் தலையாட்டினார்கள். நான் பின்னாலிருந்து கேட்டேன். "ஆறு கல்லு நடந்து போயி ஒரு குவளை குடிச்சிட்டு ஆறு கல்லு நடந்து வந்தா, குடிச்ச கஞ்சி எங்கங்க இருக்கும்?"

பெண்கள் சிரித்தார்கள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது செல்லத்துரையர் எழுந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளார்க். அவர் பேசினால் சபை கேட்கும். "அந்தப் பிள்ளை கேட்டது நியாயம். பசிச்சவனை ஆறு கட்டை நடந்து வா, பிறகு தாறன் எண்டு சொல்லுறது தருமமில்லை. கொட்டில் இருக்கிற இடத்திலையே இருக்கட்டும். அனுமதி இல்லாமல் நடக்குது எண்டதுதான் பிழை. கவர்ன்மென்டுக்கு மலாயிலை முறையா ஒரு மனுக் குடுப்பம். நானே எழுதித் தாறன்."

"மலாய்ல கஞ்சிக்கு என்னங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"கஞ்சிதான். எங்கடை சொல்லைத்தான் அவையள் எடுத்து வைச்சிருக்கினம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எல்லாருக்கும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நம் சொல் ராஜாங்கம் வரைக்கும் போயிருக்கிறதே என்று கைதட்டினார்கள். கை தூக்கச் சொன்னபோது இருக்கட்டும் என்றவர்கள்தான் அதிகம். தலைவரும் பெருந்தன்மையாக, "சபை சொன்னா சரி" என்றார். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் மரத்தடிக்குப் போய் அஞ்சலையிடம் சொன்னேன், கொட்டகை எங்கேயும் போகாது என்று. அவள் கும்பிட்டாள்.

5

உத்தரவு வந்தது. மலாயில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. கடைவீதியில் இந்தத் தொழில் நடத்தக் கூடாது, மாதக் கடைசிக்குள் ஆறாங்கல்லில் டோபிகள் இருக்கும் இடத்துக்கு மாற்றிவிட வேண்டும், மாற்றாவிட்டால் கொட்டகையைப் பிரித்துப் போடுவோம்.

சங்கத்தில் எல்லாருக்கும் திகைப்பு. அனுமதி கேட்டால் இப்படியா வரும்? இங்கிலீஷ்க் காகிதத்தை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். திருப்பித் திருப்பிப் படித்தார்.

"ஸ்டார்ச்சுன்னு போட்டிருக்கான். வெள்ளைக்காரனுக்குக் கஞ்சின்னா அதான் போல."

கமலம் பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். "அப்பா, ஸ்டார்ச்சு சாப்பிடுறது இல்ல. எங்க மதர் கவுனுக்குப் போடுறது. விறைப்பா நிக்குமே, அது. மலாய்லயும் கஞ்சின்னா அதான். எல்லாருக்கும் தெரியுமே."

"அப்ப நாம குடிக்கிற கஞ்சிக்கு என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"புபோர்."

நம் சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டது உண்மைதான். வயிற்றுக்கு வைத்துக்கொள்ளவில்லை, துணிக்கு வைத்துக்கொண்டார்கள். நாங்கள் அனுப்பிய மனுவில், ரயிலடிக்கு எதிரே துணிக்குப் போடும் கஞ்சி காய்ச்சிக்கொள்கிறோம், அனுமதி தாருங்கள் என்று இருந்திருக்கிறது. துணிச் சமாச்சாரத்தைக் கடைவீதியில் வைக்காதே, டோபிகளோடு வை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் என்ன குற்றம் சொல்வது?

6

இவரைப் போகச் சொன்னேன். ரயில்வே உத்தியோகஸ்தன் இன்னொரு ஆபீசில் போய் நிற்கக் கூடாது என்றார். ஆள்குறைப்பு நடக்கிற காலம். பயந்தார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதனால் நானே கமலத்தைக் கூட்டிக்கொண்டு போனேன்.

பெரிய ஆபீஸ். சொங்கோக் தொப்பி போட்ட ஒரு வயதான மலாய் அதிகாரி. உட்காரச் சொன்னார். கமலம் பேசினாள். நான் பெற்ற பெண் அப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. அந்த மனிதர் கேட்டுக்கொண்டே வந்தவர், "புபோர்?" என்றார். கையால் அள்ளிக் குடிப்பதுபோல் காட்டினார். பிறகு சட்டைக் காலரைத் தேய்ப்பதுபோல் காட்டி, "இதுதான் கஞ்சி" என்று சிரித்தார். சிரித்தவர் உடனே நிறுத்திக்கொண்டார். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், குழந்தைகள் உண்டா என்று கேட்டார். கமலம் சொன்னாள்.

"அவங்க மாத்திக் குடுக்கிறாங்களாம்மா. ஆனா மனுவுல யாரு கையெழுத்துப் போட்டாங்களோ அவங்களே ஒரு வரி எழுதித் தரணுமாம். தப்பா எழுதிட்டோம், இது புபோர்னு. அவ்வளவுதான். மாசக் கடைசிக்குள்ள."

ஒரே ஒரு வரி. எனக்குத் திரும்பி வரும்போது கால் தரையில் பாவவில்லை. நேரே செல்லத்துரையர் வீட்டுக்குப் போனேன். கேட்டதும் அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"நான் எழுதினது பிழை எண்டு நானே எழுதிக் குடுக்கவோ? பிள்ளை, கந்தோரிலை எனக்கு மலாய் தெரியும் எண்டுதான் வைச்சிருக்கினம். இந்த நேரத்திலை எத்தினை பேரை வீட்டை அனுப்புறாங்கள் எண்டு உமக்குத் தெரியும்தானே. தலைவர் எழுதட்டும். அவரும் கையெழுத்து வைச்சவர்."

தலைவர் கடையில் கல்லாவில் இருந்தார். எனக்குக் காப்பி வரவழைத்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பார்த்தால் அவருக்கு ஒன்றும் புதிதில்லை. முப்பது வருஷம் மலாய்க்காரர்களுக்குத் துணி விற்றவருக்கு அந்தச் சொல் தெரியாமலா இருக்கும்? மனு எழுதிய அன்றைக்கே தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

"பாருங்கம்மா, நாம யாரையும் வெரட்டல. இருக்கட்டும்னுதான் கை தூக்கினோம். கவர்ன்மென்ட்டு மாத்தச் சொல்லுது. நம்ம தலையில பழி இல்லாமக் காரியம் ஆயிருச்சு. அதைப் போய்க் கிளறாதீங்க."

"அது தப்பா வந்த உத்தரவுங்க. ஒரு வரி எழுதுங்க, நானே கொண்டுபோய்க் குடுத்துர்றேன்."

"தப்புன்னா அவங்களே திருத்தட்டும். காப்பி ஆறுது, குடிங்க."

நான் விடவில்லை. கை தூக்கினவர்கள் வீடு வீடாகப் போனேன். ஒருவர் தலைவர் எழுதட்டும் என்றார். ஒருவர் மறுபடியும் கூட்டம் போடாமல் எப்படி என்றார். இன்னொருவர், "ஆறாங்கல்லு நல்ல காத்தோட்டமான எடமாச்சே" என்றார். கூட்டம் போட நாள் குறித்தோம், மழை என்று பாதிப் பேர் வரவில்லை. அந்த மாதம் முழுக்க நான் வீட்டில் யாரோடும் நிதானமாகப் பேசவில்லை. அந்த அதிகாரி தாமாகவே சங்கத்துக்குத் தமது பியூனை அனுப்பி, காகிதம் வரவில்லையே என்று கேட்டாராம். வேற்று மனிதர் அவர். அவருக்கு இருந்த அக்கறை எங்களுக்கு இல்லாமல் போயிற்று. வெட்கக்கேடு.

மாதக் கடைசியில் கொட்டகையைப் பிரித்தார்கள். அண்டாவை லாரியில் ஏற்றினார்கள். ஜனங்கள் லாரிக்குப் பின்னால் நடந்து போனார்கள். அஞ்சலை மரத்தடியிலேயே இருந்தாள்.

7

ஆறாங்கல்லில் காய்ச்சுவதற்கு ஒரு காண்டிராக்டரை வைத்தார்கள். புழுங்கலும் பயறும் போய் வெள்ளைக் குருணை வந்தது. நாங்கள் அவ்வளவு தூரம் போய்க் காய்ச்ச முடியவில்லை. மத்தியானம் மட்டும் ஒரு லாரி ரயிலடியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டு வரும் என்று தலைவர் ஏற்பாடு செய்தார். அதற்கும் சபையில் நன்றி சொன்னார்கள்.

அஞ்சலைக்கு நான் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் மரத்தடிக்கு வந்தார்கள். சரி, அவர்களுக்கும் கொஞ்சம். யாரோ மேலே எழுதிப் போட்டுவிட்டார்கள், உங்கள் குமாஸ்தா வீட்டில் ரயிலடி வாசலில் பிச்சைக்காரர்களைக் கூட்டுகிறார்கள் என்று. இவரைக் கூப்பிட்டு எச்சரித்தார்கள்.

இவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். கட்டிலில் உட்கார்ந்து, "நாமும் அந்த லாரியில ஏறணுமா, சொல்லு" என்று கேட்டார்.

அது எப்படியோ அஞ்சலை காதுக்குப் போய்விட்டது. மறுநாள் வாளியோடு போனேன். அவள் கை நீட்டவில்லை.

"வேணாம்மா. அய்யாவுக்கு வேல போயிரும். நான் லாரில போய்க் குடிச்சிட்டு வந்துர்றேன். டிரைவரக் கேட்டேன், சாயங்கால வண்டிக்கு முன்னாடி கொண்டாந்து விட்டுருவாராம். இத்தன நாளா மத்தியான வண்டில அவரு வரலல்ல. வெரசா வந்துருவேன்."

பின்வாசலுக்கு வந்து வாங்கிக்கொள் என்றேன். அதையும் யாராவது எழுதிப் போட்டுவிடுவார்கள் என்றாள். லாரியில் ஏறும்போதுகூட மரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். புடவைத் துண்டு ஒன்றைக் கிழித்து அதன் வேரில் கட்டி வைத்துவிட்டுப் போனாள். அவன் கண்டுகொள்வானாம்.

அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. சாலையில் வெள்ளம், மரத்தின் வேர்கூடத் தண்ணீருக்குள். போன லாரி திரும்பி வரவில்லை. மறுநாள் காலையில்தான் எல்லாரையும் கொண்டுவந்து விட்டார்கள்.

8

அதே மறுநாள் நான் கமலத்துக்குப் பாவாடைத் துணி எடுக்கத் தலைவர் கடைக்குப் போயிருந்தேன். அவராகவே சொன்னார், சந்தோஷமாகத்தான் சொன்னார்.

"உங்க அஞ்சலை புருஷன் நேத்து மத்தியான வண்டியில வந்தான்மா. மழையில அந்த மரத்தச் சுத்திச் சுத்தி வந்தான். கடைக்கு வந்து கேட்டான். ஆளக் காணோமே, ஊருக்கு அனுப்புற கப்பல்ல ஏத்திட்டாங்க போலன்னு நெனச்சேன். அந்தக் கூட்டத்தையெல்லாம் ஊருக்கு அனுப்பியாச்சுப்பா, நீயும் போய்ச் சேருன்னு சொல்லி, பசியாற வெச்சு அனுப்பினேன். அவனும் ஓடினான்."

அந்தச் சமயம் தோட்டத்து ஆட்களை அரசாங்கம் இலவசமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கைநாட்டு வைத்தால் போதும்.

நான் என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றது நினைவிருக்கிறது. "எனக்கென்னம்மா தெரியும்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான், அவருக்குத் தெரியாது. ஒரு வார்த்தை எதிர்வீட்டில் விசாரித்திருக்கலாம். எதிர்வீடு என் வீடு.

இவர் அன்றைக்கு யாருக்கும் பயப்படவில்லை. ரயில்வே தந்தியில் சிங்கப்பூருக்குச் செய்தி அனுப்பினார். பதில் வந்தது: கோவிந்தன் என்று ஒருவன் வண்டியை விட்டு இறங்கியதும் நேரே போய்க் கைநாட்டு வைத்திருக்கிறான், பெண்டாட்டி முன்னால் போய்விட்டாள் என்று அழுதிருக்கிறான், காலைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள்.

அஞ்சலையிடம் நான்தான் சொன்னேன். அவள் அழுவாள் என்று பயந்துகொண்டு போனேன். அவள் மரத்தில் சாய்ந்துகொண்டு தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"அப்ப அவரு உசுரோடதான் இருக்காரு."

"இருக்காரு."

"என்னையத் தேடி வந்தாரு."

"ஆமாம்மா."

"நான் இங்க இல்ல." வேரில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கஞ்சிக்குன்னு போனேன்."

9

பின்னாலேயே அவளையும் அனுப்பிவிட இவர் பெயர் கொடுத்தார். ஜொகூரிலிருந்து கப்பலுக்குப் போகிறவர்கள் ஆறாங்கல்லில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். அங்கே போனாள். மரத்தடியில் இருக்க இனி அவளுக்குக் காரணமும் இல்லை. அடுத்த கப்பலுக்கு முறை வருவதற்கு நாளானது. குருணைக் கஞ்சியையே குடித்துக்கொண்டு கிடந்தாள். நான் வெள்ளிக்கிழமைதோறும் பயறு அவித்து எடுத்துக்கொண்டு போவேன். அவள் அதைப் பக்கத்திலிருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள் என்று பிறகு தெரிந்தது.

முறை வந்தபோது கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. வீக்கம் வற்றினால்தான் கப்பல் என்று வைத்தியம் பார்க்கிற டிரஸ்ஸர் திருப்பிவிட்டார். வெறும் வெள்ளரிசி தின்றால் இப்படித்தான் ஆகும், தவிடும் பயறும் வேண்டும் என்று எனக்குச் சொன்னார். அஞ்சலை அதைக் கேட்ட நாளிலிருந்து பயற்றை யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு மணி விடாமல் தின்றாள். கால் வற்றிவிட்டதா என்று போகும்போதெல்லாம் என்னை அமுக்கிப் பார்க்கச் சொல்வாள். அமுக்கிய இடம் குழியாகவே நிற்கும். கொஞ்சம் வற்றியிருக்கிறது என்பேன். பிறகு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இருதயத்துக்குப் போய்விட்டது என்றார்கள். கமலமும் நானும் பக்கத்தில் இருந்தோம். அவளுக்குச் செய்ய வேண்டியதை இவர் செய்தார்.

இப்போது உங்களால் ஆக வேண்டிய காரியம்.

அவள் சொன்ன ஊர்ப் பெயருக்குக் கிராம முன்சீப் பார்வைக்கு என்று எழுதினோம். பதில் இல்லை. எந்த ஜில்லாவென்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மலாயாக் கப்பல் நாகப்பட்டினத்துக்கு வருகிற நாளில், இறங்குகிற பெண்களின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒருவர் நின்றால் அவர் கோவிந்தனாக இருக்கலாம். நெட்டையான ஆள். இடது புருவத்தில் பால் வெட்டும் கத்தி பட்ட தழும்பு உண்டு. பெயரைக் கேளுங்கள். அவர்தான் என்றால், இனி நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அஞ்சலை ஜொகூர் ஆஸ்பத்திரியில் வியாதியில் போய்விட்டாள், கடைசிவரை கூட ஆள் இருந்தது, அவர் தேடி வந்த செய்தி அவளுக்குத் தெரியும், அதில் அவளுக்கு நிறைவு என்று சொல்லுங்கள்.

தாம் தேடி வந்த அன்றைக்கு அவள் எங்கே இருந்தாள் என்று கேட்பார். தெரியாது என்று சொல்லிவிடுங்கள். ஆறு கல் தூரத்தில் ஒரு குவளையை வைத்துக்கொண்டு மழை விடக் காத்திருந்தாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது என்று அஞ்சலை சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு தைரியத்தில்தான் இவ்வளவையும் அச்சுக்கு எழுதுகிறேன். யாரும் இதை அவருக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.